ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

சேரியில் ஒருவர் தாக்கப்பட்டால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது காவல் நிலையம்தான். முதல் தகவல் அறிக்கை போட்டார்களா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்த்தார்களா, டி.எஸ்.பி. நேரில் வந்தாரா என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அதற்கு முன்பே, அடிபட்டவரை ஆட்டோவிலோ 108-லோ ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோன அந்த இரவிலேயே, வழக்கின் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுபவர் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர். எழுதப்படும் இடம் விபத்துப் பதிவேடு. அந்தப் பெயரைச் சொன்னால் நம் ஊர்களில் யாருக்கும் புரியாது, ஏ.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஏ.ஆர். ஒரு பக்கத் தாள்தான். பெயர், வயது, யார் அழைத்துவந்தது, எத்தனை மணிக்கு வந்தார், நினைவோடு இருந்தாரா, என்ன நடந்ததாகச் சொல்கிறார், உடலில் எங்கெங்கே என்ன காயம். "தெரிந்த நபர்கள் ஐந்து பேர் கட்டையால் இன்ன இடத்தில் இத்தனை மணிக்குத் தாக்கியதாகக் கூறுகிறார்" என்ற அந்த ஒரு வரியின் கனம் அன்றிரவு யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சிறப்பு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்கும்போது தெரியும். "முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேர் என்கிறீர்கள், ஏ.ஆரில் இரண்டு பேர் என்று இருக்கிறதே? தெரிந்த நபர்கள் என்கிறீர்கள், இங்கே தெரியாத நபர்கள் என்று எழுதியிருக்கிறதே?" என்று அவர் தொடங்குவார். அடிபட்டவர் மயங்கிக் கிடந்திருப்பார். கூட வந்த தம்பியோ அத்தையோ பதற்றத்தில் ஏதோ சொல்லியிருப்பார். அல்லது சரியாகத்தான் சொல்லியிருப்பார், மருத்துவர் காதில் வாங்காமல் எழுதியிருப்பார். இதைவிட மோசமானது, "கீழே விழுந்ததால் ஏற்பட்ட காயம்" என்று எழுதப்பட்ட ஏ.ஆர். அதை வைத்துக்கொண்டு வன்கொடுமை வழக்கு நடத்துவது ஒற்றைக் காலில் ஓடுவது போல.

தாக்கியவர்களின் பெயரை எழுதுவது மருத்துவரின் வேலை அல்ல, உயிரைக் காப்பதுதான் அவர் வேலை என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அது நியாயம். ஆகவே பெயர் இல்லையே என்று மருத்துவரோடு சண்டை போட வேண்டாம். ஆனால் எத்தனை பேர், எந்த ஆயுதம், எங்கே, எப்போது, தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்பவை அடிபட்டவர் சொன்னபடியே பதிவாக வேண்டும். அவர் பேசும் நிலையில் இல்லையென்றால், சொன்னது யார் என்பது பதிவாக வேண்டும். ஒவ்வொரு காயத்துக்கும் அளவு, இடம், தன்மை தனித்தனியாக வேண்டும். "உடலெங்கும் சிராய்ப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், பிரம்படித் தழும்புக்கும் முள்வேலிக் கீறலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

இந்தத் தாளுக்குப் பின்னால் வருவது காயச் சான்று. சாதாரணக் காயமா கொடுங்காயமா என்று அதில்தான் முடிவாகிறது. எலும்பு முறிவு, பல் உடைதல், கண் பார்வையோ காது கேட்பதோ நிரந்தரமாகப் போதல், முகம் சிதைதல் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 20 நாள் கடும் உடல்வலியோ அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத நிலையோ இருந்தால் கொடுங்காயம் என்று இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் அது 15 நாளாகியிருக்கிறது. இதை வழக்கறிஞர்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே எடுக்காமல் வார்டிலிருந்து மூன்றாம் நாளே அனுப்பிவைத்துவிட்டால், முறிந்த எலும்பும் "சாதாரணக் காயம்" ஆகிவிடும். பிணை கிடைப்பது முதல் தண்டனை வரை எல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கும்.

நிவாரணமும் அப்படித்தான். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் அட்டவணையை எடுத்துப் படித்துப் பாருங்கள். கொலை என்றால் பாதித் தொகை உடற்கூறாய்வு முடிந்ததும் தர வேண்டும். உடல் ஊனம் என்றால் பாதி மருத்துவப் பரிசோதனைக்குப் பின். பாலியல் வன்புணர்வு என்றால் பாதி, மருத்துவப் பரிசோதனையும் அதை உறுதிப்படுத்தும் அறிக்கையும் வந்த பின். மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, ரத்தம், மாற்றுத் துணி, சாப்பாடு, பழம் வரை பாதிக்கப்பட்டவர் செலவை மாவட்ட நிர்வாகம் ஈடுசெய்ய வேண்டும் என்று 11-ஆம் விதி சொல்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை என்று நாம் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருப்போம்; கோப்போ மருத்துவமனையிலிருந்து வராத ஒரு தாளுக்காகக் காத்துக்கிடக்கும்.

மருத்துவர் ஒரு நல்ல கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேங்கைவயலைப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகள் நோய்வாய்ப்பட்டபோது, குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தொட்டியில் மலம் கலந்தது வெளியே வர இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ. அதே ஊரில் பிறகு நடந்ததையும் மறக்கக் கூடாது. டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கேட்டு சி.பி.சி.ஐ.டி. வந்தபோது, பாதிக்கப்பட்ட மக்களில் சிலர் தர மறுத்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் இருந்த மூன்று பேரும் அதே தலித் மக்களைச் சேர்ந்தவர்கள். நம் இயக்கங்கள் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் தனி. இங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கைது செய்யப்படாத ஒருவரின் ரத்தத்தை அவர் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் எடுக்க எந்த மருத்துவருக்கும் அதிகாரம் இல்லை. போலீஸ் கூட்டிவந்தார்கள் என்பது சம்மதம் ஆகாது.

சிகிச்சை மறுப்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, சட்டம் தெளிவாக இருக்கிறது. போலீஸ் வரட்டும், அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லக் கூடாது என 1989-இல் பர்மானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதம் அதில் இல்லை. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்பவரை அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. படுக்கை இல்லை, வசதி இல்லை என்றன. 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவசர சிகிச்சை கிடைக்காமல் போவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவை மீறுவது என்றது. வழக்குக்குப் போனது விவசாயக் கூலித் தொழிலாளர் அமைப்பு. அதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஆட்களுக்கு நேர்வதோ பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படாத மறுப்பு. நாடி பிடிக்காமல் எழுதப்படும் மருந்துச் சீட்டு. கையில் படாமல் மேசைமேல் போடப்படும் மாத்திரை. ஊர்த் தெரு வரை வந்துவிட்டு, காலனிக்குள் வராமல் "எல்லாரையும் இங்கே வரச் சொல்லுங்க" என்று சொல்லும் சுகாதாரப் பணியாளர். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தி 2006-இல் வெளியான தீண்டாமை பற்றிய ஆய்வில், 33 விழுக்காடு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போவதில்லை என்று தெரியவந்தது. மூன்றில் ஒரு கிராமம். இது நடத்தைக் குறைபாடு என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் நுழைய விடாமல் ஒரு தலித்தையோ பழங்குடியினரையோ தடுப்பது பெயர் சொல்லி வன்கொடுமையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் பற்றிப் பேசுகிற அளவு இந்தப் பிரிவைப் பற்றி நாம் பேசுவதில்லை.

அடுத்தது பாலியல் வன்முறை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2006 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்டம் கயர்லாஞ்சியில் போட்மாங்கே குடும்பத்தின் தாய், மகள், இரண்டு மகன்கள் என நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். தாயும் மகளும் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள் என்ற குற்றச்சாட்டு முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆனால் முதல் உடற்கூறாய்வில் அதற்கான பரிசோதனை முறையாகச் செய்யப்படவில்லை. புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து மறுபடி பார்த்தபோது எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 2008-இல் எட்டுப் பேர் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. பாலியல் குற்றமும் நிற்கவில்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நிற்கவில்லை. நாடே பார்த்த ஒரு சாதிப் படுகொலை, ஏட்டில் சாதி இல்லாத கொலையாக முடிந்தது. அதற்குப் பிணவறை மட்டும் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் பிணவறையில் தவறவிட்டதை எந்த நீதிமன்றத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

14 ஆண்டு கழித்து ஹாத்ரஸ். 2020 செப்டம்பர் 14 அன்று தாக்கப்பட்ட அந்த 19 வயதுப் பெண்ணின் மாதிரிகள் எடுக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போனது 11 நாள் கழித்து. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி உடலில் இப்படிப்பட்ட தடயம் எடுக்கும் காலம் 96 மணி நேரம், அதாவது நான்கு நாள். 11 நாள் கழித்து எடுத்த மாதிரியில் விந்தணு இல்லை என்று ஆய்வகம் சொன்னது. அதை வைத்துக்கொண்டு உத்தரப் பிரதேச காவல் துறையின் உயர் அதிகாரி வன்புணர்வே நடக்கவில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவரைச் சேர்த்திருந்த அலிகர் மருத்துவமனையின் ஒரு மருத்துவர். சில நாளில் அவருக்கு வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே நிர்வாகம் பின்வாங்கியது. 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பில் நால்வரில் ஒருவருக்குத்தான் தண்டனை. வன்புணர்வுக் குற்றம் யார் மீதும் நிரூபணமாகவில்லை.

வன்புணர்வு என்பது சட்டச் சொல். அது நடந்ததா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் வேலை மருத்துவருக்கு இல்லை. கண்டதை எழுத வேண்டும், எடுத்த மாதிரியைக் குறிக்க வேண்டும், எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். காயம் இல்லை என்றால் காயம் இல்லை என்று எழுதலாம். அதற்குக் காரணங்களும் இருக்கலாம். பயத்தில் உறைந்து போனவர் உடலில் காயம் இருக்காது. குளித்துவிட்டு வந்தவர் உடலில் தடயம் இருக்காது. "வன்புணர்வுக்கான அறிகுறி இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிற மருத்துவர், தனக்கு இல்லாத நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். நிவாரண அட்டவணையில் "உறுதிப்படுத்தும் மருத்துவ அறிக்கை" என்று எழுதிவைத்ததும் இதே தவறுதான். அந்தச் சொற்களை மாற்றக் கோருவது நம் வேலைத்திட்டத்தில் இருக்க வேண்டும்.

இருவிரல் பரிசோதனை பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2013-இல் லில்லு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டில் அதை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி அதைச் செய்கிறவர் ஒழுங்கீனம் புரிந்தவர் என்றது. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். தலித் பெண் என்றால் "இவங்க இப்படித்தான்" என்ற ஏளனம் பரிசோதனை அறைக்குள்ளும் நுழைகிறது. "உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்" என்று அறிக்கையில் வரும் ஒரு வரி மருத்துவக் குறிப்புப் போலத் தோன்றும். அது ஒரு சாதியப் பேச்சுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டது.

இளம் தோழர்கள் இந்தப் பிரிவுகளையாவது கைபேசியில் குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு எந்த மருத்துவமனையும், தனியாரும் சேர்த்து, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 397. தராத மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை: நியாய சன்ஹிதா பிரிவு 200. பரிசோதனை அவர் சம்மதத்தோடு, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஏழு நாளுக்குள் அறிக்கை விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதியிருக்க வேண்டும்: சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 184. சம்மதம் என்றால் பரிசோதனையின் எந்தப் பகுதியையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் அடங்கும். வேண்டாம் என்று சொன்னதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

காவலில் உள்ளவர்களின் கதை இதோடு சேர்ந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடித்து நொறுக்கப்பட்ட பிறகு, சிறைக்கு அனுப்பத் தகுதியானவர்கள் என்று அரசு மருத்துவமனையில் சான்று வழங்கப்பட்டது. சில நாளில் இருவரும் இறந்தார்கள். அவர்கள் தலித்துகள் அல்லர். ஆனால் அந்தச் சான்று நமக்குப் புதிதல்ல. இருளரும் குறவரும் தலித் இளைஞர்களும் திருட்டு வழக்கு என்று பிடிக்கப்பட்டு, காலை ஊன்ற முடியாமல் மருத்துவர் முன் நிறுத்தப்படும்போது, பக்கத்தில் போலீஸ்காரர் நின்றுகொண்டிருப்பார். "ஏதாவது காயம் இருக்கா?" என்று மருத்துவர் கேட்பார். இல்லை என்று அவன் சொல்வான். வேறென்ன சொல்வான்? சுரக்ஷா சன்ஹிதா 53-ஆம் பிரிவின்படி கைதானவரை மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும். காயங்களையும் அவை எப்போது ஏற்பட்டிருக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். அதன் ஒரு நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும். போலீஸை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிப் பார்க்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்று அறியாமலே காப்பாற்றியிருக்கக் கூடும்.

உடற்கூறாய்வு சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. 2015 ஜூனில் தண்டவாளத்தில் கிடந்த உடல். தற்கொலை என்ற கதை தயாராக இருந்தது. அந்தக் கதையை உடைத்ததில் உடற்கூறாய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றம், இருவருக்குத் தண்டனையைக் குறைத்து, தீர்ப்பை உறுதிசெய்தது. அந்தத் தாயின் பிடிவாதமும் வழக்கறிஞர்களின் உழைப்பும் இல்லாமல் இது நடந்திருக்காது. பிணவறைத் தாள் மாறியிருந்தாலும் நடந்திருக்காது.

பிணவறை என்றதும் இன்னொன்று. உடலைக் கீறித் திறப்பது யார்? பல இடங்களில் மருத்துவர் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, கத்தி பிடிப்பவர் பிணவறை உதவியாளர் அல்லது தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் நம் தெருக்காரர். மதுரைக் கிளைக்கு இது பொதுநல வழக்காகவே போனது. சட்டப்படி அந்த அறிக்கையில் கையெழுத்திடுபவர் தன் கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும். பிணத்தைத் தொடுவது தீட்டு, அறிக்கையில் கையெழுத்திடுவது தொழில் என்று பிரித்துவைத்திருக்கும் ஒரு துறை, சாதி எங்களுக்குத் தெரியாது என்று சொல்வதை நாம் எப்படி நம்புவது? கையுறையும் பூட்ஸும் தடுப்பூசியும் இல்லாமல் அந்த வேலையைச் செய்பவரும் மருத்துவப் பணியாளர்தான். கடமையைப் பற்றிப் பேசும்போது அவருக்கு நிர்வாகம் பட்டிருக்கும் கடமையையும் பேச வேண்டும்.

பொய்யாக எழுதும் மருத்துவரை என்ன செய்யலாம்? சட்டம் கேட்கும் ஒரு சான்றிதழைப் பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டால், பொய்ச் சாட்சி சொன்னதற்கு உள்ள தண்டனை: நியாய சன்ஹிதா 234. ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற அரசு ஊழியர் தவறான பதிவை உருவாக்கினால் பிரிவு 256. வன்கொடுமைக் குற்றத்தின் தடயத்தை அழித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(vi)-இன்படி அந்தக் குற்றத்துக்கு உள்ள தண்டனையே அழித்தவருக்கும். கடமை தவறும் அரசு ஊழியருக்கு, அவர் தலித்தோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால், பிரிவு 4-இன்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் அதற்கு நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். தன் ஊழியர்மீது தானே பரிந்துரைக்கும் துறையை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே இந்தப் பிரிவை மிரட்டலுக்கு மட்டும் பயன்படுத்தி ஓய்ந்துவிடாமல், ஒரு வழக்கிலாவது கடைசிவரை கொண்டுபோக வேண்டும். மருத்துவ கவுன்சிலிடம் புகார் கொடுக்கும் வழியும் இருக்கிறது. பொய்ச் சான்று வழங்குவது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி ஒழுங்கீனம். அதே விதிகளில், நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

நம் பக்கமும் ஒரு விஷயம் பேசியாக வேண்டும். சில தோழர்கள் வார்டுக்குள் போனதும் குரலை உயர்த்துகிறார்கள். "கொடுங்காயம்னு எழுதுங்க டாக்டர்" என்று கேட்கிறார்கள். வேண்டாம். இல்லாத முறிவை எழுதிய சான்று, எக்ஸ்ரேயைக் காட்டியதும் நீதிமன்றத்தில் விழும். விழும்போது உண்மையான காயங்களையும் இழுத்துக்கொண்டு விழும். மருத்துவரிடம் பொய் கேட்கிறவருக்கு, ஆதிக்கச் சாதிக்காரர் கேட்டு வாங்கும் பொய்யைக் கண்டிக்கும் தகுதி போய்விடும். நமக்கு வேண்டியது உள்ளதை உள்ளபடி எழுதிய தாள். அது போதும், நம் உடலில் இருக்கும் காயம் போதுமான அளவு பேசும்.

அந்த இரவு மருத்துவரின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு மருத்துவர், ஒரு செவிலியர். வாசலில் ஊர்க்காரர்கள் ஐம்பது பேர். ஒன்றியத் தலைவரிடமிருந்து அழைப்பு. எதிர்த்தரப்பிலிருந்தும் ஒருவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து எனக்கும் ஏ.ஆர். போடுங்கள் என்று நிற்கிறார். பதில் வழக்குக்கான அந்தக் காயத்தையும் அவர் எழுதத்தான் வேண்டும்; பிளேடால் தானே கீறிக்கொண்ட மேலோட்டமான கீறல் என்றால், எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதினாலே உண்மை தெரிந்துவிடும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டப்படும் மருத்துவருக்குத் துணையாக நாம் நிற்கலாம். அந்தச் சட்டத்தின்படி அவர் புகார் கொடுத்தால் சாட்சி சொல்லலாம். அப்படி ஓர் உறவை எந்த மாவட்டத்திலாவது கட்டியிருக்கிறோமா?

இதைப் படிப்பவர்களில் மருத்துவ, செவிலியர் மாணவர்களும் இருப்பீர்கள். உங்கள் விடுதிகளில் சாதி எப்படி நடமாடுகிறது என்று உங்களுக்கே தெரியும். 2019 மே மாதம் மும்பையில் முதுநிலை மாணவியான டாக்டர் பாயல் தட்வி உயிரை விட்டபோது, அவரைச் சாதி சொல்லித் துன்புறுத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் மூன்று மூத்த மருத்துவர்கள். கூட வேலை செய்யும் பழங்குடி மருத்துவரையே சக மனுஷியாகப் பார்க்க முடியாதவர், நள்ளிரவில் அழுக்குச் சேலையோடு வரும் கூலிப்பெண்ணின் காயத்தை எப்படி அளப்பார் என்ற கேள்வி எங்களுக்கு இருக்கிறது.

பட்டம் பெறும் மருத்துவர் எடுக்க வேண்டிய உறுதிமொழி 2002 விதிகளின் பின்னிணைப்பில் இருக்கிறது. நோயாளிக்கும் தன் கடமைக்கும் நடுவே மதம், தேசம், இனம், கட்சி அரசியல், சமூக நிலை ஆகியவை வர விடமாட்டேன் என்று அதில் ஒரு வரி. ஜெனீவாவில் எழுதியதிலிருந்து எடுத்தது. சாதி என்ற சொல் இல்லை. இந்த நாட்டில், இந்த நாட்டு மருத்துவருக்காக, இந்த நாட்டு அரசிதழில் வெளியிட்ட உறுதிமொழியில் அந்தச் சொல் யாருக்கும் தோன்றவில்லை. 2022-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் சரகர் பெயரால் உறுதிமொழி எடுத்தபோது எவ்வளவு சத்தம்! வடமொழியா, கிரேக்கமா என்று வாரக்கணக்கில் விவாதித்தோம். எந்த உறுதிமொழியில் சாதி பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் கொண்டுவந்த புதிய நன்னடத்தை விதிகள் அந்த ஆகஸ்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிகளே நீடிக்கின்றன. அடுத்த வரைவு வரும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்பார்கள். "சமூக நிலை" என்ற சொல்லுக்கு முன்னால் "சாதி" என்று சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். ஏ.ஆர். படிவத்தில் உடல் வரைபடம் அச்சிட வேண்டும், சொன்னவர் பெயருக்குத் தனிக் கட்டம் வேண்டும், ஒரு நகலைப் பாதிக்கப்பட்டவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு சுகாதாரத் துறைக்கும் எழுதுங்கள். மனுவின் வரைவை மருத்துவக் கல்லூரித் தோழர்கள் எழுதினால் நல்லது. அந்தப் படிவத்தை நாளை நிரப்பப்போவது நீங்கள்தான்.